பெத்லகேம் குறவஞ்சியை நம் கரையில் மேடையேற்ற

பெத்லகேம் குறவஞ்சி என்ற பழைய கிறிஸ்தவ இசை நாடகத்தை நம் ராமநாதபுரம் கரையில் போட முடியுமா? முடியும். ஆனால் முதலில் குறி சொல்லும் குறத்தி வேஷத்துக்கு ஆளைத் தேடிப் பிடியுங்கள். தலைவி வேஷத்துக்குப் பெண் கிடைத்துவிடும், கதையை அறிவித்து நடத்தும் கட்டியக்காரனாக நிற்க வாய் சாமர்த்தியம் உள்ளவன் எந்த ஊரிலும் ஒருவன் இருப்பான், ஆர்மோனியத்துக்குப் பாடகர் குழுவில் ஆள் இருக்கும். அரைமணி நேரத்துக்கு மேல் மேடையைத் தன் தொண்டையால் தாங்கக்கூடிய குறத்தி கிடைக்காதவரை பந்தல்காரருக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.

நாடகம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) இதை எழுதியது 1800ல். திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளை, சிறுவயதில் ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் தஞ்சாவூருக்கு அழைத்துப்போய் வளர்த்தார். சரபோஜி மன்னரும் அதே சுவார்ட்ஸின் பராமரிப்பில் படித்தவர்தான். (அப்துல் கலாம் படித்த ராமநாதபுரம் பள்ளிக்கூடம் இருக்கிறதே, அதற்குப் பெயர் கொடுத்தவரும் இந்த சுவார்ட்ஸ்தான்.) கதைப்போக்கு குற்றாலக் குறவஞ்சி பார்த்தவர்களுக்குப் பழகியதுதான்: தலைவன் உலா வருகிறான், தலைவி கண்டு மையல் கொள்கிறாள், குறத்தி வந்து மலைவளமும் நாட்டுவளமும் பாடிக் குறி சொல்கிறாள், அவளைத் தேடி அவள் கணவன் சிங்கன் வருகிறான். இங்கே தலைவன் பெத்லகேம் நாதர், தலைவி சீயோன் மகள் தேவமோகினி, குறத்தியோ விசுவாசத்தின் உருவம். சாஸ்திரியாரின் கீர்த்தனைகளை ஆராதனையில் பாடுகிறவர்கள் ஏராளம், இந்தக் குறவஞ்சியை மேடையில் பார்த்தவர்கள் மிகக் குறைவு. குற்றாலக் குறவஞ்சியைப் பரதநாட்டியக்காரர்கள் தூக்கிப் பிடித்தார்கள், இதற்கு அப்படி யாரும் அமையவில்லை. இதற்குச் சரியான இடம் பட்டணத்து அரங்கம் இல்லை, நம் கோயில் திடல்தான் என்பது என் உறுதியான எண்ணம். மணலில் பாய் விரித்து உட்கார்ந்து பாட்டும் வசனமும் கேட்கிற கூட்டமும், மைக் இல்லாமலே கரையை எட்டுகிற குரலும் இங்கே இன்னும் இருக்கின்றன.

நூலைத் தேடும்போது பெத்லகேம், பெத்லேகம், பெத்தலகேம் என்று எல்லா எழுத்துக்கூட்டலிலும் தேடுங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் தொடங்கி, சென்னை ரோஜா முத்தையா நூலகத்திலும் கேட்டுப் பார்க்கலாம். உரிமைத் தொல்லை இல்லை. இந்தியாவில் ஆசிரியர் இறந்து 60 ஆண்டு ஆனால் படைப்பு பொதுச்சொத்து, சாஸ்திரியார் போய் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. ஒரு எச்சரிக்கை மட்டும்: யாராவது சமீபத்தில் மெட்டமைத்துப் பதிவு செய்த பாட்டை அப்படியே எடுத்தால் அந்த மெட்டு அவருடையது, கேட்டுத்தான் எடுக்க வேண்டும். இதற்குப் பதில் வெளிநாட்டில் வந்த ஒரு விவிலிய இசை நாடகத்தைத் தமிழாக்கிப் போடலாமே என்று யாராவது சொன்னால், கட்டணம் வாங்காத அமெச்சூர் குழு நடிப்பதற்கு 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் இடம் உண்டு, ஆனால் மொழிபெயர்க்கும் உரிமை வேறு, அதற்குத் தனியாக அனுமதி வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

அடுத்து பங்குத்தந்தை. நூலை முழுசாக அவர் கையில் கொடுத்து, படிக்க நாள் கொடுத்து, அப்புறம் பேசுங்கள். இரண்டு கேள்வி கட்டாயம் வரும். சாமியை ஒரு பெண் காதலிப்பதாகக் காட்டலாமா என்பது ஒன்று. விவிலியத்தின் உன்னதப்பாட்டில் இருக்கிற அதே மணவாட்டிக் காதல்தான் இது, ஆன்மாவின் ஏக்கம். கட்டியக்காரன் தொடக்கத்திலேயே இதை நாலு வரியில் சொல்லிவிட்டால் கிழவிகள்கூட ஏற்றுக்கொள்வார்கள். குறி பார்ப்பது வேதத்துக்கு விரோதம் இல்லையா என்பது இன்னொன்று. அதற்கு நான் சொல்லும் வழி, குறத்தி வாயைத் திறப்பதற்கு முன் மீக்கா 5ஆம் அதிகாரத்தில் பெத்லகேமைப் பற்றி வருகிற வசனத்தை மேடையில் ஒரு சிறுவன் வாசிக்கட்டும். அதைக் கேட்டபின் அவள் சொல்வது தீர்க்கதரிசனமாகவே காதில் விழும்.

காவல் நிலையத்திலும் ஒரு விஷயம் இருக்கிறது. 2023ல் தமிழக அரசு குறவன் குறத்தி ஆட்டத்தைத் தடை செய்தது. ஆபாசமாக ஆடி ஒரு சமுதாயத்தையே இழிவுபடுத்துகிறார்கள் என்ற முறையீடு நியாயமானதுதான். விண்ணப்பத்தில் ‘குறவஞ்சி’ என்று மட்டும் எழுதினால் அந்தத் தடையை நினைத்து நிறுத்திவிடக்கூடும். பக்தி இசை நாடகம், 1800ஆம் ஆண்டு இலக்கியம் என்று எழுதி, பாடல் நகலையும் இணைத்துக் கொடுங்கள். காகிதத்தில் எழுதியதை மேடையிலும் காப்பாற்றுங்கள். குறத்திக்கு ஊசிமணி பாசிமணியைக் குவித்து, கொச்சையாகப் பேசவிட்டுச் சிரிப்பு மூட்டாதீர்கள். கணுக்கால் தெரியக் கட்டிய கண்டாங்கிச் சேலை, கையில் குறி சொல்லும் மாத்திரைக்கோல், இடுப்பில் நம் ஊர் ஓலைக் கொட்டான் போதும். இந்த நாடகத்தில் எல்லோரையும்விட அதிகம் தெரிந்தவள் அவள்தான், அந்த மரியாதை நடையிலேயே தெரிய வேண்டும்.

எப்போது போடுவது? பெத்லகேம் என்றதும் எல்லோரும் கிறிஸ்துமஸ் என்பார்கள். வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி நம் பக்கம் மழையும் புயலுமாக இருக்கும், தனுஷ்கோடியை 1964ல் கடல் கொண்டதும் டிசம்பர் 22, 23 இரவில்தான். திடலில் தண்ணீர் நிற்கும், மைக்செட்காரர் வர யோசிப்பார், அதுபோக பங்கின் ஒவ்வொரு அன்பியக் குழுவும் குடில், நடனம் என்று தனித்தனியாக ஓடிக்கொண்டிருக்கும். ஒத்திகைக்கு நல்ல காலம் மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். விசைப்படகு கரையில் நிற்கும், பள்ளிக்கூடமும் விடுமுறை. சிலர் கேரளப் பக்கம் வேலைக்குப் போய்விடுவார்கள், நாட்டுப்படகுக்காரர்களுக்குத் தடையே கிடையாது, அதனால் சிங்கன் வேஷத்துக்கு ஆள் எடுக்கும்போது தடைக்காலத்தில் ஊரில் இருப்பாயா என்று கேட்டுவிட்டே எடுங்கள். ஜூன் 14க்கு முன் ஒருநாள் வேஷம் இல்லாமல் ஊருக்குள் ஓட்டிப் பாருங்கள், அப்புறம் ஜூலையில் சந்தியாகப்பர் (புனித யாக்கோபு) திருவிழாவில் மேடை. தங்கச்சிமடம் மாதிரி சந்தியாகப்பர் ஊர்களுக்கு இது சரியாகப் பொருந்தும், அவர் திருநாள் ஜூலை 25. தேர் இரவன்று மட்டும் வைக்காதீர்கள், அன்று யாரும் உட்கார மாட்டார்கள். கொடியேறிய நாலாம், ஐந்தாம் நாள், அதிலும் மறுநாள் படகு போகாத இரவாகப் பார்த்து வையுங்கள். ஜூலை ஒத்துவராத ஊருக்கு ஜனவரி 6, மூன்று ராசாக்கள் திருநாளையொட்டிய வாரம். தவக்காலம் தொடங்கிவிட்டால் ஈஸ்டர்வரை பேச்சே எடுக்காதீர்கள்.

நாடகத்தைக் குறைத்தே ஆக வேண்டும், இதில் இரக்கம் காட்டாதீர்கள். இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கி நிற்க வேண்டும் என்பது விதி, திருப்பலி முடிந்து மேடை ஏற ஏழரை ஆகிவிடும், ஆக இரண்டரை மணி நேரம்தான் கையில் இருக்கிறது. தேவமோகினி நிலவையும் தென்றலையும் பார்த்துப் புலம்புகிற பகுதி படிக்க அருமை, திடலில் பிள்ளைகள் எழுந்து ஓடிவிடும். இரண்டு பாட்டு வைத்துக்கொண்டு மற்றதை விடுங்கள். உலாக் காட்சியில் பெத்லகேம் நாதராக யாருக்கும் வேஷம் கட்ட வேண்டாம். கூட்டத்தின் பின்னாலிருந்து விளக்கு ஏந்திய பிள்ளைகள் பாடிக்கொண்டு நடுவழியாக மேடைக்கு வரட்டும், தலைவி அந்த வெளிச்சத்தைப் பார்த்துப் பாடினால் போதும். தோழியோடு பேசும் இடத்தை வசனமாக மாற்றிச் சுருக்குங்கள். இப்படி மிச்சம் பிடித்த நேரத்தையெல்லாம் குறத்திக்குக் கொடுங்கள்.

குறத்தியைப் பாடகர் குழுவின் முதல் வரிசையில் தேடாதீர்கள். அங்கே மைக்கோடு மென்மையாகப் பாடிப் பழகிய குரல்கள்தான் இருக்கும். மீன் ஏலத்தில் நின்று விலை கூப்பிடுகிற அக்கா, பாசி எடுக்கப் போகிற பெண்களில் கதை சொல்லிச் சிரிக்க வைக்கிற ஆள், இழவு வீட்டில் ஒப்பாரியைத் தானாகக் கட்டிப் பாடுகிற ஆச்சி, இவர்களிடம் போய்க் கேளுங்கள். ‘எனக்கு எழுத்து வாசிப்பு வராதே’ என்று ஒதுங்கினால் விட்டுவிடாதீர்கள். ஒப்பாரி கட்டுகிற ஆளுக்குக் காது போதும், வரி வரியாகச் சொல்லிக்கொடுத்தால் பிடித்துக்கொள்வார்கள். நாட்டுவளப் பாட்டு முடிகிற இடத்தில், அதே சந்தத்தில் உங்கள் ஊருக்கென்று ஒரே ஒரு கண்ணி (இரண்டடிப் பாட்டு) நீங்களே கட்டிச் சேருங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள், குருசடைத் தீவு, முயல் தீவு, ஓரியூர்ச் செம்மண், காரங்காட்டு அலையாத்திக் காடு என்று அவள் பாடும்போது திடல் நிமிர்ந்து உட்காரும். மூல வரிகளில் கைவைக்காதீர்கள், உங்கள் கண்ணி எது என்று கட்டியக்காரன் முன்கூட்டியே அறிவித்துவிடட்டும்.

இசையில் ஒரே கட்டளை: கீபோர்டில் தானாக ஓடுகிற தாளத்தைப் போடாதீர்கள். குறவஞ்சியின் உயிரே சிந்து நடையில் இருக்கிறது, பாடுகிற ஆள் ஒரு சொல்லை இழுத்தால் தாளக்காரரும் கூடவே இழுக்க வேண்டும், இயந்திரம் காத்திருக்காது. ஆர்மோனியம், மிருதங்கம் அல்லது டோலக், ஒரு ஜால்ரா போதும். பாட்டுக்கு மேலே குறித்திருக்கும் ராகம் உங்கள் ஆளுக்குக் கஷ்டமாக இருந்தால் செஞ்சுருட்டி, புன்னாகவராளி, நாதநாமக்கிரியை மாதிரி நாட்டுப்பாட்டில் காதுக்குப் பழகிய ராகத்துக்கு மாற்றலாம், தாளத்தை மாற்ற வேண்டாம். தேவமோகினிக்குப் பின்பாட்டு வைக்கலாம். குறத்தியும் சிங்கனும் தாங்களே பாட வேண்டும். சிங்கன் நுழைகிற இடத்தில், வலை இழுக்கும்போது பாடுகிற அம்பாவை இரண்டு வரி ஓட்டிவிட்டு அவன் பாட்டைத் தொடங்கிப் பாருங்கள், பெரியவர்கள் தானாக ஏலேலோ எடுப்பார்கள்.

சிங்கன் கையில் இருப்பது நிஜ வலையாக இருக்கட்டும். வலை பின்னுகிறவர்கள் முன்வரிசையில் இருப்பார்கள், பொம்மை வலையைக் கண்டால் பாட்டைக் கேட்க மாட்டார்கள், வலையைத்தான் பேசுவார்கள்.

இனி காற்று. ஜூலையில் கச்சான் என்ற மேல்காற்று சும்மா விடாது, தென்கடல் பக்கத்து ஊர்களில் மணலையும் அள்ளிக்கொண்டு வரும். மேடையின் முதுகு காற்று வரும் திசைக்கு இருக்கும்படி போடுங்கள், சத்தம் காற்றோடு கூட்டத்துக்குப் போகும், நடிப்பவர் கண்ணிலும் மணல் விழாது. கோயில் சுவரே பின்னால் அமைந்தால் இன்னும் நல்லது. அமையாவிட்டால் படுதா கட்டாதீர்கள், அது பாய் மாதிரி காற்றைப் பிடித்து மூங்கிலோடு சாய்ந்துவிடும். பழைய வலையை இரண்டு மடிப்பாகத் தொங்கவிட்டுப் பின்னாலிருந்து நீல விளக்குப் போடுங்கள், காற்று ஊடே போய்விடும், பார்க்கவும் அழகு. மைக்குகளுக்குப் பஞ்சு உறை கேட்டு வாங்குங்கள். சட்டையில் குத்துகிற மைக்கில் காற்று இரைச்சல்தான் வரும். முன்னால் இரண்டு நிற்கும் மைக், வாத்தியத்துக்கு ஒன்று, பாடும் இடங்களைச் சுண்ணாம்பால் குறித்துவிடுங்கள்.

மேடையேறும் இரவில் மிக்ஸரிலிருந்து நேராக ஒலிப்பதிவு எடுத்துவிடுங்கள். எந்தப் பாட்டு எந்த ராகம், எங்கே வெட்டினீர்கள், எங்கே கூட்டம் சலித்தது என்று மறுநாளே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மூக்கையூரிலிருந்தோ மோர்ப்பண்ணையிலிருந்தோ யாராவது வந்து கேட்டால் நோட்டையும் பதிவையும் நகல் எடுத்துக் கொடுங்கள், முடிந்தால் குறத்தியையும் ஒரு வாரம் அனுப்பி வையுங்கள். போக்குவரத்துச் செலவையும் அவர் இழக்கிற கூலியையும் கேட்கிற ஊர் ஏற்க வேண்டும் என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.