நான்கு மணி நேரத்துக்கும் நீளமான எச்டி காணொளியைத் தரம் குறையாமல் ப்ளூ-ரே வட்டில் பதிப்பது எப்படி?

சென்ற ஆண்டு என் பெற்றோரின் சதாபிஷேகத்தை இரண்டு நாட்களும் நானே கேமராவில் பதிவு செய்தேன். மொத்தம் 4 மணி 20 நிமிடம். விண்டோஸ் கணக்கில் ஏறத்தாழ 31 ஜிபி. கணினியையோ இணையத்தையோ தொடாத மூத்த உறவினர்களுக்கு அதை வட்டில் பதித்துக் கொடுக்க வேண்டும் என்பது அம்மாவின் விருப்பம். மூன்று வாரம் முயன்று கண்ட வழியை, முதன்முறையாகச் செய்பவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

முதலில் கணக்கு

என் கேமரா ஏவிசிஎச்டி என்னும் எச்டி பதிவு முறையில், 1080 வரிகள், 50ஐ (50i, அதாவது நொடிக்கு 25 படச்சட்டம், ஒவ்வொன்றும் இரண்டு பாதிகளாக) அமைப்பில், நொடிக்கு ஏறத்தாழ 17 மெகாபிட் வேகத்தில் பதிகிறது. அதாவது ஒரு மணி நேரத்துக்கு 7 ஜிபிக்குச் சற்று மேல். 25 ஜிபி என்று அட்டையில் அச்சிட்ட ப்ளூ-ரே வட்டை விண்டோஸ் 23.3 ஜிபி என்றே காட்டும். அதில் 3 மணி 15 நிமிடம் அடங்கும். சாதாரண டிவிடியில் இதே தரத்தில் 35 நிமிடத்துக்கு மேல் இடமில்லை.

காணொளியைச் சுருக்கி ஒரே வட்டில் அடைத்துவிடலாமே என்று பலரும் கேட்பார்கள். வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. மறுபடி என்கோட் செய்தால், அதாவது சுருக்கி வேறு கோப்பாக மாற்றினால், படத்தின் நுணுக்கம் குறைவதோடு, ப்ளூ-ரே பிளேயர்கள் ஏற்கும் கட்டுப்பாடுகளுக்குள் அந்தக் கோப்பு அமையாமல் போகவும் வாய்ப்புண்டு. அப்படிச் சுருக்கித் தரும் ஹேண்ட்பிரேக் சிறந்த மென்பொருள்தான். ஆனால் அது தரும் கோப்பு கணினிக்கும் கைபேசிக்கும் உரியது. நிகழ்ச்சியின் இயல்பான இடைவெளியில் பிரித்து இரண்டு வட்டுகளாக்குவதே நல்லது. நான் முதல் நாள் ஜபத்தையும் கலச பூஜையையும் ஒரு வட்டிலும், மறுநாள் அபிஷேகத்திலிருந்து விருந்து வரை இன்னொரு வட்டிலும் வைத்தேன்.

கோப்புகளை இணைத்தல்

மெமரி கார்டிலுள்ள கோப்புறை முழுவதையும் அப்படியே கணினிக்கு நகலெடுத்துக்கொள்ளுங்கள். பிறகு வரும் படியில்தான் நான் இரண்டு வாரத்தை இழந்தேன். ஆகவே நிதானமாக வாசியுங்கள்.

நிறுத்தாமல் பதிவு செய்தால், என் கேமரா ஒவ்வொரு 2 ஜிபிக்கும், அதாவது ஏறத்தாழ 16 நிமிடத்துக்கு ஒருமுறை, புதிய கோப்பைத் தொடங்கிவிடும். நான் ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியே மாற்றி, பிறகு வரிசையாக ஒட்டினேன். விளைவு, அம்மாவுக்கு அப்பா மறுபடி மாங்கல்யம் கட்டும் நேரத்தில் கெட்டிமேளம் உச்சத்தில் இருக்க, தவில் ஒலி ஒரு கணம் அறுந்தது. மஞ்சள் கயிற்றைப் பிடித்திருந்த அப்பாவின் கை சட்டென்று ஓர் அங்குலம் தாவியது.

காரணம் இதுதான். 25 படச்சட்ட முறையில் ஒரு படச்சட்டத்தின் நீளம் 40 மில்லிநொடி. டால்பி டிஜிட்டல் ஒலியின் ஒரு துண்டு 32 மில்லிநொடி. கேமரா கோப்பை அளவு பார்த்து வெட்டுகிறதே தவிர, இவ்விரண்டும் சேர்ந்து முடியும் இடம் பார்த்து வெட்டுவதில்லை. ஒரு துண்டின் பாதி முதல் கோப்பின் கடைசியிலும் மீதி அடுத்த கோப்பின் தொடக்கத்திலும் இருக்கும். ஒவ்வொன்றையும் முழுமையான தனிக் கோப்பாகக் கருதி மாற்றினால் அந்தப் பாதிகள் உதிர்ந்துவிடுகின்றன.

இதற்கு டிஎஸ்மக்சர் என்னும் இலவச மென்பொருளைப் பரிந்துரைக்கிறேன். முதல் கோப்பை மட்டும் 'ஆட்' பொத்தானால் சேருங்கள். இரண்டாவது முதல் கடைசி வரை 'ஜாயின்' பொத்தானால் எண் வரிசைப்படி சேருங்கள். எல்லாவற்றுக்கும் 'ஆட்' கொடுத்தால் அவை ஒன்றன்பின் ஒன்றாக அமையாமல், இணையான தடங்களாகிவிடும். பிறகு வெளியீட்டில் ப்ளூ-ரே ஐஎஸ்ஓ (முழு வட்டின் உள்ளடக்கமும் அடங்கிய ஒரே கோப்பு) என்பதைத் தேர்ந்தெடுத்து, அத்தியாயங்களை, அதாவது ரிமோட்டில் தாவிச் செல்லும் இடங்களை, ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாக அமைத்துக்கொண்டால் போதும். இந்த மென்பொருள் மெனு உருவாக்காது. எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. வட்டைப் போட்டதும் படம் ஓடத் தொடங்குவதே வயதானவர்களுக்கு வசதி.

ஐஎஸ்ஓ உருவானதும் காணொளி ஓட்டும் மென்பொருளான விஎல்சியில் திறந்து, ஒவ்வொரு இணைப்பு இடத்தையும், கடைசி ஐந்து நிமிடத்தையும் ஓட்டி, உதட்டசைவும் ஒலியும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள்.

வட்டில் எழுதுதல்

இதற்கு இம்ஜ்பர்ன் என்னும் மென்பொருள் போதும். 4எக்ஸ் வேகத்தில் எழுதி, 'வெரிஃபை' குறியைக் கட்டாயம் இடுங்கள். எழுத 25 நிமிடமும், சரிபார்க்கச் சற்று நேரமும் ஆகும். முதல் பிரதியை அழித்தெழுதக்கூடிய பிடி-ஆர்இ வட்டில் எழுதி வீட்டுப் பிளேயரில் சோதித்தபின், ஒருமுறை மட்டுமே எழுதக்கூடிய பிடி-ஆர் வட்டுகளைத் தொடுங்கள். வட்டின்மேல் காகிதம் ஒட்டாதீர்கள். சுழலும்போது சமநிலை கெடும். வட்டில் எழுதுவதற்கென்றே விற்கும் மென்முனைப் பேனாவே போதும். சோனி 2025 பிப்ரவரியோடு பதிவு செய்யக்கூடிய ப்ளூ-ரே வட்டுகளின் உற்பத்தியை நிறுத்திவிட்டதால், நல்ல வட்டுகள் கிடைக்கும்போதே தேவைக்குச் சற்று அதிகமாக வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

பின்சேர்க்கை

இதைப் பின்பற்றிய ஒருவர், வட்டு இங்கே நன்றாக ஓடியும் அமெரிக்காவிலுள்ள மகள் வீட்டில் ஓடவில்லை என்று எழுதினார். தவறு வட்டில் இல்லை. இந்தியாவில் விற்கும் கேமராக்கள் பெரும்பாலும் 50ஐ அமைப்பில் பதிகின்றன. அமெரிக்காவிலும் கனடாவிலும் விற்கும் பிளேயர்கள் பல, 50க்குப் பதில் அங்கு வழக்கிலுள்ள 60 அமைப்பை மட்டுமே ஏற்கும். இலங்கை, சிங்கப்பூர், ஐரோப்பா ஆகிய இடங்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

கைபேசியில் எடுத்த காணொளியையும் இதே முறையில் சேர்க்கலாமா என்று வேறு சிலர் கேட்டனர். முடியாது. கைபேசிகள் வழக்கமாகப் பதியும் 1080, 30 படச்சட்ட அமைப்பு ப்ளூ-ரே தரத்திலேயே இல்லை. அதைத் தனியாக மாற்றத்தான் வேண்டும்.

அமெரிக்க உறவினர்களுக்கு நான் டிஎஸ்மக்சரிலேயே, ஐஎஸ்ஓவுக்குப் பதில் எம்2டிஎஸ் என்னும் தனிக் காணொளிக் கோப்பாக வெளியிட்டு, எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்த பென் டிரைவில் கொடுத்தேன். ஃபேட்32 முறையில் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை வைக்க முடியாது. அதை மடிக்கணினியில் விஎல்சி கொண்டு திறந்து தொலைக்காட்சியோடு இணைத்துப் பார்த்தார்கள். கெட்டிமேளம் அறுபடாமல் ஒலித்தது.