சி மொழியில் எண் அட்டவணை: நேராக நின்றால் மட்டும் போதுமா?

சி படிக்கத் தொடங்கியவர்கள் சீக்கிரமே எழுதிப் பார்க்கும் நிரல்களில் ஒன்று, ஃபாரன்ஹீட்டை செல்சியஸாக மாற்றிக் காட்டும் அட்டவணை. அட்டவணை கோணலாக வந்தால் கண்ணுக்கே தெரிந்துவிடும், திருத்திவிடலாம். அழகாக வரிசைகட்டி நின்றுகொண்டு தப்பான எண்ணைக் காட்டும் அட்டவணைதான் ஆபத்து.

ஃபாரன்ஹீட்டை முழு எண் மாறியில் வைத்துக்கொண்டு '5/9 * (ஃபாரன்ஹீட் - 32)' என்று எழுதினால் செல்சியஸ் வரிசை முழுக்க 0.0 என்றே வரும். 5, 9 இரண்டும் முழு எண்கள் என்பதால் சி தசமப் பகுதியை வெட்டிவிட்டு 0 என்கிறது. விடையை டபுள் மாறியில் (தசம எண்ணை வைக்கும் மாறி) வாங்கினாலும் பயனில்லை. வகுத்து முடித்த பிறகுதானே அது மாறிக்குப் போகிறது? '5.0/9.0' என்று எழுத வேண்டும். சிலர் '5 * (ஃபாரன்ஹீட் - 32) / 9' என்று இடம் மாற்றித் தப்பிக்கப் பார்ப்பார்கள். பூஜ்யம் போய்விடும், ஆனால் 100 டிகிரிக்கு 37.8 வர வேண்டிய இடத்தில் 37.0 வரும். நம்பும்படியாக இருப்பதால் இது பூஜ்யத்தைவிட மோசம்.

இதே ரகத்தில் இன்னொன்று, லூப்பை (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் பகுதி) ஃப்ளோட் மாறியால் ஓட்டுவது. ஃப்ளோட்டும் தசம எண்ணுக்கான வகைதான். 0-வில் தொடங்கி 0.1 கூட்டிக்கொண்டே 1.0 வரை போகச் சொன்னால், கடைசி வரி காணாமல் போகலாம். 0.1-ஐ இரும எண்ணாகத் துல்லியமாக வைக்க முடியாது. பத்து முறை கூட்டும்போது ஃப்ளோட்டில் 1.0-ஐக் கொஞ்சம் தாண்டிவிடும், லூப் நின்றுவிடும். 0 முதல் 10 வரை முழு எண்ணால் எண்ணி, ஒவ்வொரு முறையும் 10.0-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.

திரையில் அச்சிடும் பிரிண்ட்எஃப்பில் முழு எண்ணுக்கு '%டி', டபுளுக்கு '%எஃப்' போட வேண்டும். மாற்றிப் போட்டால் அது தானாகச் சரிசெய்யாது, என்ன வரும் என்றே சொல்ல முடியாது. ஜிசிசி என்ற கம்பைலரில் '-வால்' (-Wall) என்ற தெரிவைப் போட்டு கம்பைல் செய்தால் எச்சரித்துவிடும்.

சரி, இனி வரிசைக்கு வருவோம். டேப் போட்டால் 5, 50, 500 மூன்றும் இடப்பக்கம் ஒட்டிக்கொள்ளும்; ஒன்றாம் இடமும் பத்தாம் இடமும் நேர்கோட்டில் வராது. அகலத்தைக் கொடுத்துவிடுவதே நல்லது. '%6.1எஃப்' என்றால் புள்ளிக்கு முன்னால் ஆறு இலக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, மைனஸ் குறி, புள்ளி, தசம இலக்கம் எல்லாம் சேர்த்துத்தான் ஆறு. -17.8 அதில் ஐந்து இடம் பிடிக்கும். எண் ஆறைத் தாண்டினால் வெட்டுப்படாது, அடுத்த நெடுவரிசையைத் தள்ளிவிடும். அதனால் வரப்போகும் மிகப் பெரிய எண்ணை முதலில் யோசித்துவிட்டு அகலத்தை முடிவுசெய்யுங்கள்.

தலைப்புக்கும் அதே அகலத்தில், சொற்களை அச்சிடும் '%6எஸ்' போடுங்கள். தமிழில் தலைப்பு வைத்தால் மட்டும் இது கைகொடுக்காது. பிரிண்ட்எஃப் எண்ணுவது பைட்டுகளை; எழுத்துகளை பைட்டுகளாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் 'ப' என்ற ஓர் எழுத்தே மூன்று பைட், புள்ளி வைத்த 'ப்' ஆறு. அங்கே இடைவெளியைக் கையால் விடுவதைத் தவிர சுலபமான வழி இல்லை.