டெபியனில் விருப்பப் பொதிகள்: தேர்வதும், சேர்ப்பதும், நீக்குவதும்

டெபியன் இயங்குதளத்தைக் கணினியில் நிறுவி முடித்ததும் கிடைப்பது எல்லாருக்கும் பொதுவான ஓர் அடித்தளம்தான். அதன்மேல் ஆம்பூர்க் காலணித் தொழிற்கூடத்தின் கணக்கருக்கு ஒன்றும், குடியாத்தத்தில் லுங்கிக்குக் கட்டம் வரைபவருக்கு இன்னொன்றும், வேலூர் அச்சகத்தாருக்கு வேறொன்றும் தேவைப்படுகின்றன. அவரவர் தேவைக்கேற்பத் தனித்தனியே சேர்த்துக்கொள்ளும் இத்தகைய மென்பொருள்களையே விருப்பப் பொதிகள் என்கிறோம். 1993-இல் தொடங்கிய டெபியன் திட்டம் 2025 ஆகஸ்டில் வெளியிட்ட 13-ஆம் பதிப்பில் ஏறத்தாழ 70,000 பொதிகள் உள்ளன. அவற்றில் ஒன்றைச் சேர்க்க ஒரு வரிக் கட்டளை போதும். எதற்காகச் சேர்க்கிறோம் என்று தெளிந்து சேர்ப்பதற்கும், தேவை தீர்ந்தபின் மற்றவை கெடாமல் நீக்குவதற்கும்தான் கவனம் வேண்டும். பலர் மாறிமாறி அமரும் அலுவலகக் கணினிகளில் இந்தக் கவனம் இல்லாவிட்டால், இரண்டு ஆண்டுகளுக்குள் எது எதற்காக இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாத நிலை வந்துவிடும்.

எடுத்துக்காட்டாக ஒரே வேலையை வைத்துக்கொள்வோம். நம் வட்டாரத்துச் சிற்றூர் வாசகசாலை ஒன்று தன்னிடமுள்ள பழைய தமிழ் நூல்களை வருடி (ஸ்கேன் செய்து), அவற்றின் எழுத்துகளைத் தேடக்கூடிய உரையாக மாற்ற விரும்புகிறது என்று கொள்வோம். இக்கட்டுரையில் கட்டளைகளின் ஒலிப்பைத் தமிழில் தந்திருக்கிறேன். கட்டளைகளை இடும் சாளரமான முனையத்தில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டச்சிட வேண்டும். நிர்வாக உரிமை தேவைப்படும் கட்டளைகளுக்கு முன்னால் ‘சூடோ’ சேர்க்க வேண்டும். நிறுவும்போது ரூட் என்னும் முழு உரிமையுள்ள பயனருக்குத் தனிக் கடவுச்சொல் கொடுத்திருந்தால், உங்கள் கணக்குக்கு அந்த உரிமை தானாகக் கிடைத்திருக்காது. அப்போது ‘சூ’ என்பதோடு ஓர் இடைக்கோட்டையும் இட்டு ரூட்டாக நுழைந்து வேலையைச் செய்யலாம்.

சேர்க்கும் முன் பார்க்க வேண்டியவை

முதலில் கணினியின் கட்டமைப்பை அறிய வேண்டும். பொதிகளைக் கணினியில் கையாளும் ‘டிபிகேஜி’ என்ற கட்டளையோடு ‘பிரிண்ட்-ஆர்க்கிடெக்சர்’ என்ற தெரிவை இரட்டை இடைக்கோட்டுடன் கொடுத்தால் விடை கிடைக்கும். வாசகசாலைகளுக்கும் பள்ளிகளுக்கும் நன்கொடையாக வரும் பழைய கணினிகள் சில 32 பிட் வகையைச் சேர்ந்தவை. 13-ஆம் பதிப்பில் அந்த வகைக்கு நிறுவும் நிரலும், இயங்குதளத்தின் மையமான கருநிரலும் வழங்கப்படவில்லை என்பதால், பதிப்பைத் தேர்வதற்கு முன்பே இதைப் பார்த்துவிடுவது நல்லது.

அடுத்தது, பொதிகளைப் பதிவிறக்கும் இடமான களஞ்சியம். டெபியனின் களஞ்சியம் ‘மெயின்’, ‘கான்ட்ரிப்’, ‘நான்-ஃப்ரீ’, ‘நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்’ என்று பகுக்கப்பட்டிருக்கிறது. கட்டற்ற உரிமத்துக்கு முழுமையாக உட்பட்டவை ‘மெயின்’ பகுதியில் இருக்கும். பழைய மடிக்கணினியின் வைஃபை இயங்காமல் போனால், பெரும்பாலும் அந்தச் சாதனத்தை இயக்கும் நிலைபொருள் கடைசிப் பகுதியில் காத்திருக்கும். 2023-இல் வந்த 12-ஆம் பதிப்பு முதல் நிறுவும் நிரலே அதைச் சேர்த்துத் தருகிறது. நம் வாசகசாலைக்கு வேண்டியவை எல்லாம் ‘மெயின்’ பகுதியிலேயே கிடைக்கின்றன. அங்கே கிடைக்கும் ஒன்றை வேறெங்கும் தேடிப் போகக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

மூன்றாவதாக, ஒரு பொதிக்கும் மற்றவற்றுக்கும் உள்ள உறவு. களஞ்சியத்திலிருந்து பொதிகளைக் கொண்டுவந்து நிறுவும் கருவி ‘ஆப்ட்’. ‘ஆப்ட் ஷோ’ என்று எழுதி அதை அடுத்துப் பொதியின் பெயரைக் கொடுத்தால், ‘டிபென்ட்ஸ்’, ‘ரெக்கமென்ட்ஸ்’, ‘சஜஸ்ட்ஸ்’ என்ற மூன்று வரிகளைக் காணலாம். முதல் வரியில் உள்ளவை இல்லாமல் அந்தப் பொதி இயங்கவே இயங்காது. இரண்டாம் வரியில் உள்ளவை பெரும்பாலோருக்குத் தேவைப்படும் எனப் பொதியைப் பேணுபவர் கருதுபவை. வேண்டாம் என்று நாம் சொல்லாவிட்டால் இவையும் தாமாகவே வந்து சேரும். மூன்றாம் வரியில் உள்ளவை வெறும் பரிந்துரைகள். நாம் கேட்டால் ஒழிய வாரா. வட்டில் இடம் குறைவாக இருந்தாலோ, கைப்பேசியின் தரவைக் கொண்டு பதிவிறக்கினாலோ, ‘நோ-இன்ஸ்டால்-ரெக்கமென்ட்ஸ்’ என்ற தெரிவை இரட்டை இடைக்கோட்டுடன் சேர்த்து இரண்டாம் வகையை விலக்கலாம். ஆனால் அந்த வரியை வாசிக்காமல் கண்ணை மூடிக்கொண்டு விலக்கினால், நிறுவிய மென்பொருள் திறந்தாலும் அதன் பாதி வசதிகள் இயங்காமல் போகும்.

இந்த உறவுகளை விளங்கிக்கொள்ள நம் எடுத்துக்காட்டே போதும். அச்செழுத்துகளைப் படித்து உரையாக்கும் ‘டெசராக்ட்-ஓசிஆர்’ பொதியை நிறுவினால், அதனுடன் ஆங்கிலத்துக்கான தரவு சார்பாக, அதாவது ‘டிபென்ட்ஸ்’ வரியில் உள்ளதாக, வந்துவிடுகிறது. தமிழுக்கான தரவு வருவதில்லை. அதே பெயருக்குப் பின்னால் ஓர் இடைக்கோடும் டி, ஏ, எம் என்ற மூன்று எழுத்துகளும் சேர்ந்த தனிப் பொதியாக அது இருக்கிறது. இதை அறியாதவர்கள் தமிழ்ப் பக்கத்தைக் கொடுத்துவிட்டு, பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல் வந்ததைக் கண்டு, டெபியனில் தமிழ் வேலை செய்யாது என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். இந்தத் தவறான எண்ணம் நம் ஊர்களில் பரவியிருப்பது வருத்தம் தருகிறது. குறை ஒரே ஒரு விருப்பப் பொதி இல்லாததில் மட்டுமே இருக்கிறது.

நிறுவுதல்

‘ஆப்ட் அப்டேட்’ என்பது களஞ்சியத்தின் புதிய பட்டியலை மட்டும் கொண்டுவரும். அதைச் செய்தபின், ‘ஆப்ட் இன்ஸ்டால்’ கட்டளையோடு இடைக்கோடும் எஸ் என்ற எழுத்தும் சேர்த்து ஒருமுறை ஒத்திகை பாருங்கள். எதுவும் மாறாமல், எவையெவை வரும், எவையெவை போகும் என்ற பட்டியல் மட்டும் திரையில் தோன்றும். ‘போகும்’ என்ற வரியில் ஏதேனும் இருந்தால் அங்கேயே நின்று காரணத்தைத் தேட வேண்டும். பட்டியல் சரியாக இருந்தால் எஸ் என்ற தெரிவை எடுத்துவிட்டு அதே கட்டளையைக் கொடுங்கள். களஞ்சியப் பட்டியலில் டெபியனின் எண்ணிமக் கையொப்பம் இருப்பதாலும், ஒவ்வொரு கோப்பின் சரிபார்ப்புத் தொகை அந்தப் பட்டியலில் பதிந்திருப்பதாலும், வழியில் யாரேனும் கோப்பை மாற்றியிருந்தால் ஆப்ட் அதை ஏற்காது.

வாசகசாலைக்கு மேற்சொன்ன இரண்டோடு, படங்களாக உள்ள பிடிஎஃப் கோப்புக்குள் உரையைப் பொதிந்து தரும் ‘ஓசிஆர்மைபிடிஎஃப்’ பொதியும் வேண்டும். நிறுவியபின் ‘டெசராக்ட்’ கட்டளையோடு ‘லிஸ்ட்-லாங்ஸ்’ என்ற தெரிவை இரட்டை இடைக்கோட்டுடன் கொடுத்து, பட்டியலில் தமிழின் மூன்றெழுத்து இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பக்கங்களை ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் அளவிலாவது வருட வேண்டும். அதற்குக் குறைந்தால் ஒற்றுப்புள்ளிகள் காணாமல் போகும். தமிழில் தட்டச்சிட ‘ஐபஸ்-எம்17என்’ பொதியைச் சேர்த்தால் தமிழ்99 விசைப்பலகை அதற்குள்ளேயே கிடைக்கிறது. எழுத்துருக்களுக்கு ‘ஃபான்ட்ஸ்-நோட்டோ-கோர்’ போதும்.

வேலூர்க் கோடையில் பிற்பகலில் மின்சாரம் நின்றுபோவது நமக்குப் புதிதன்று. நிறுவல் பாதியில் இருக்கும்போது அது நடந்தால் என்ன செய்வது என்று பலர் கேட்கிறார்கள். ஒவ்வொரு பொதியும் முதலில் பிரிக்கப்பட்டு, பிறகு அமைவு செய்யப்படுகிறது; எந்தப் பொதி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை டிபிகேஜி தன் பதிவேட்டில் குறித்துக்கொண்டே வருகிறது. ஆகவே மின்சாரம் திரும்பியதும், டிபிகேஜி கட்டளையோடு ‘கான்ஃபிகர்’ என்பதை இரட்டை இடைக்கோட்டுடனும், ஏ என்ற எழுத்தை ஒற்றை இடைக்கோட்டுடனும் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து அமைவு தொடரும். அதன்பின்னும் சார்புகள் குறைந்திருந்தால், ‘ஆப்ட் இன்ஸ்டால்’ என்பதோடு ‘ஃபிக்ஸ்-ப்ரோக்கன்’ தெரிவைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இயங்குதளத்தையே மறுபடி நிறுவ வேண்டிய தேவை மிக அரிதாகவே வரும். வேறொரு நிரல் பூட்டை வைத்திருக்கிறது என்ற செய்தி வந்தால், பின்னணியில் தானியங்கி இற்றைப்படுத்தல் நடந்துகொண்டிருக்கக்கூடும்; அது முடியும்வரை பொறுத்திருங்கள், பூட்டுக் கோப்பை அழித்துவிடாதீர்கள். இருவர் ஒரே நேரத்தில் பதிவேட்டில் எழுதிவிடாமல் தடுப்பது அந்தப் பூட்டுதான்.

இணையம் எட்டாத இடங்களுக்கு

அணைக்கட்டு வட்டத்தின் மலைக் கிராமங்களைப் போல இணைப்பு நிலையில்லாத இடங்களில் உள்ள கணினிகளுக்கு ‘ஆப்ட்-ஆஃப்லைன்’ என்ற பொதி உதவுகிறது. மலையில் உள்ள கணினியில் அதன் ‘செட்’ கட்டளை, என்னென்ன வேண்டும் என்பதைக் கணக்கிட்டு ஒரு சிறு கோப்பாக எழுதும். அந்தக் கோப்பைப் பென்டிரைவில் இறக்கிக் கொண்டுவந்து, வேலூரிலோ காட்பாடியிலோ இணைப்புள்ள கணினியில் ‘கெட்’ கட்டளையால் பொதிகளை ஒரே மூட்டையாகத் திரட்டலாம். திரும்பிப் போனபின் ‘இன்ஸ்டால்’ கட்டளை அந்த மூட்டையை மலைக் கணினியின் ஆப்ட் கிடங்கில் சேர்க்கும். அதன்பின் வழக்கமான ‘ஆப்ட் இன்ஸ்டால்’ இணையமின்றியே நடக்கும். ஆப்ட்-ஆஃப்லைன் பொதியை மட்டும் முன்கூட்டியே மலைக் கணினியில் நிறுவி வைத்திருக்க வேண்டும். தேவையைக் கணக்கிடுவது மலைக் கணினியே என்பதுதான் இம்முறையின் சிறப்பு. ஊகித்துப் பதிவிறக்கிப் போய், ஒரு சார்பு குறைந்ததற்காக மறுபடி மலையிறங்கும் அலைச்சல் இதில் இல்லை.

வெளியிலிருந்து வரும் பொதிகள்

அச்சுப்பொறியோ வருடியோ வாங்கும்போது, உற்பத்தியாளரின் தளத்திலிருந்து டெப் கோப்பை (டெபியன் பொதி அடங்கிய கோப்பை)ப் பதிவிறக்கி நிறுவுமாறு கடைக்காரர்கள் சொல்வதுண்டு. அதற்கு முன் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். ஒரு பொதியை நிறுவும்போது அதற்குள் இருக்கும் சிறு நிரல்கள் ரூட் உரிமையுடன் ஓடுகின்றன. முன்பின் அறியாதவரிடம் வீட்டுச் சாவிக்கொத்தைக் கொடுப்பதற்கு ஒப்பானது அது. வெளிக் களஞ்சியத்தைச் சேர்ப்பது இன்னும் ஒரு படி மேலே போகிறது. அந்தக் களஞ்சியம் டெபியனின் பொதி ஒன்றின் பெயரிலேயே உயர்ந்த பதிப்பெண்ணுடன் வேறொன்றை வெளியிட்டால், அடுத்த இற்றைப்படுத்தலில் அதுவே உள்ளே வந்து அமரும். தவிர்க்க முடியாமல் சேர்க்க நேர்ந்தால், அதன் கையொப்பத்தைச் சரிபார்க்கும் திறவுகோலைத் தனிக் கோப்பில் வைத்து, ‘சைன்ட்-பை’ வரியின் மூலம் அந்தக் களஞ்சியத்துக்கு மட்டும் செல்லுபடியாக்குங்கள்; ‘ப்ரிஃபரன்சஸ்’ அமைப்பில் அதன் முன்னுரிமையைக் குறைத்து வையுங்கள்.

பெரும்பாலான சமயங்களில் இந்த இடரே தேவைப்படாது. வலையமைப்பில் இணையும் புதிய அச்சுப்பொறிகள் பலவும் தனி இயக்கி இல்லாமலே ‘கப்ஸ்’ என்ற அச்சிடும் மென்பொருள் மூலம் அச்சிடுகின்றன. அத்தகைய பல வருடிகளுக்கு, டெபியனிலேயே உள்ள ‘சேன்-ஏர்ஸ்கேன்’ பொதி போதும். சாதனத்தை வாங்கும் முன்பே இதைச் சோதித்துப் பார்க்கும்படி கடையில் கேட்பது தவறில்லை.

நீக்குதலும் பதிவு வைத்தலும்

‘ஆப்ட் ரிமூவ்’ பொதியை நீக்கும். ஆனால் அதன் அமைப்புக் கோப்புகளை விட்டுவைக்கும். ‘ஆப்ட் பர்ஜ்’ அவற்றையும் சேர்த்து அகற்றும். பயனரின் சொந்தக் கோப்புகள் இருக்கும் இல்ல அடைவில் உள்ளவற்றை இரண்டுமே தொடுவதில்லை என்பதால், வருடி வைத்த நூல்களுக்கு ஆபத்தில்லை. நீக்கும் முன், ‘ஆப்ட் ஆர்டிபென்ட்ஸ்’ கட்டளையோடு ‘இன்ஸ்டால்ட்’ என்ற தெரிவைக் கொடுத்து, வேறு எந்தப் பொதி அதை நம்பியிருக்கிறது என்று பாருங்கள்.

சார்பாக வந்தவை இப்போது யாருக்கும் தேவையில்லை என்றால், ‘ஆப்ட் ஆட்டோரிமூவ்’ அவற்றைத் திரட்டி நீக்கும். இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். நாம் கேட்டுப் பெற்றதா, சார்பாக வந்ததா என்பதை மட்டுமே ஆப்ட் அறியும். சார்பாக வந்த ஒரு கருவியை அலுவலகத்தில் ஒருவர் நாள்தோறும் பயன்படுத்துகிறார் என்பதை அது அறியாது. ஆகவே பட்டியலை முழுவதும் வாசியுங்கள். தேவையான ஒன்று அதில் இருந்தால், ‘ஆப்ட்-மார்க் மேனுவல்’ என்று எழுதி அதன் பெயரைக் கொடுத்துவிட்டால், அது கேட்டுப் பெற்றவற்றின் வரிசையில் சேர்ந்துவிடும்.

கேட்டுப் பெற்றவற்றை எல்லாம் ‘ஆப்ட்-மார்க் ஷோமேனுவல்’ வரிசையாகத் தரும். அதை மாதம் ஒருமுறை ஒரு கோப்பில் சேமித்து வைத்தால், வட்டு பழுதானாலும் அதே பட்டியலைக் கொண்டு வேறு கணினியில் எல்லாவற்றையும் திரும்ப நிறுவிவிடலாம். என்று எது சேர்ந்தது என்பதை ஆப்ட் தன் வரலாற்றுக் கோப்பில் எழுதி வைத்தாலும், அது மாதந்தோறும் புதிய கோப்பாகத் தொடங்கப்பட்டு, ஓராண்டுக்கு மேற்பட்டவை அழிந்துவிடுகின்றன; எதற்காகச் சேர்ந்தது என்பது அதில் எப்போதுமே இருப்பதில்லை. அந்தக் காரணத்தைக் கணினிக்கு அருகில் ஒரு குறிப்பேட்டில், பொதியின் பெயர், தேதி, கேட்டவர், வேலை என்று ஒரு வரியாக எழுதி வைக்குமாறு நான் பணிபுரியும் எல்லா இடங்களிலும் வலியுறுத்துகிறேன்.

ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை டெபியனின் புதிய பதிப்பு வரும்போது இந்தக் குறிப்பேடு மிகவும் பயன்படும். பதிப்பு மாற்றத்துக்கு முன், ‘ஆப்ட் லிஸ்ட்’ என்பதோடு ஒற்றை மேற்கோள் குறிக்குள் அலைக்குறியும் ஓ என்ற எழுத்தும் கொடுத்துப் பாருங்கள். இப்போதுள்ள எந்தக் களஞ்சியத்திலும் இல்லாத பொதிகள் அதில் தெரியும். குறிப்பேட்டில் காரணம் இல்லாதவற்றை நீக்கிவிட்டு, வெளிக் களஞ்சியங்களின் வரிகளைச் செயலிழக்கச் செய்து, தரவுகளைப் படியெடுத்தபின் மாற்றத்தைத் தொடங்குங்கள். அந்தக் களஞ்சியத்தார் புதிய பதிப்புக்கான பொதிகளை வெளியிட்டதை உறுதிசெய்த பிறகே அவ்வரிகளைத் திரும்பச் செயலாக்க வேண்டும்.