கோலாலம்பூரில் ஏ1 லீக் ஆட்டம் பார்க்கப் போகிறவர்களுக்கு

மலேசியக் கால்பந்தில் 2022-க்குப் பிறகு பிரீமியர் லீக் இல்லை, முதல் நிலையான சூப்பர் லீக்குக்குக் கீழே 2024-இல் வந்த ஏ1 செமி-புரோ (அரைத் தொழில்முறை) லீக்தான் இப்போது இரண்டாம் நிலை. கூட்டம் குறைவு, டிக்கெட்டுக்கு அடிதடி கிடையாது. ஆட்டம் எங்கே என்பதில்தான் ஆள் ஏமாறுவது. சின்னக் குழுக்களுக்குச் சொந்தத் திடல் இருப்பது அபூர்வம், இந்த வாரம் ஒரு பல்கலைக்கழக அரங்கம், அடுத்த வாரம் வேறெங்கோ என்று மாறும், ஆகவே வாட்ஸ்அப்பில் சுற்றும் பழைய அட்டவணையை நம்பி கிராப் (Grab) கார் பிடிக்காமல், புறப்படும் முன் குழுவின் முகநூலில் அன்றைய பதிவைப் பாருங்கள். நுழைவு இலவசமா, வாசலில் டிக்கெட் வாங்கவேண்டுமா என்பதும் பெரும்பாலும் அதிலேயே இருக்கும். ஐந்து, பத்து வெள்ளி (ரிங்கிட்) நோட்டுகளாக எடுத்துப் போங்கள், மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் தம்பியிடம் ஐம்பதுக்குச் சில்லறை இருக்காது.

அப்புறம் மழை. கூரை பல இடங்களில் ஒரு பக்கம்தான், அதற்கு எந்த வாசல் என்று முதலிலேயே கேளுங்கள். சாரல் அடித்தால் முன்வரிசை நனையும், மேலே ஏறி உட்காருங்கள். இடி மின்னல் என்றால் நடுவர் ஆட்டத்தை நிறுத்திவைப்பார், அதற்காக உடனே வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள், மழை விட்டதும் பெரும்பாலும் தொடர்வார்கள்.