ஷாஃப்டில் கசியும் நிலத்தடி நீரை அடைப்பது எப்படி?

ஷாஃப்டின், அதாவது நிலத்துக்குள் செங்குத்தாக இறங்கும் குழியின், சுவரில் கசிவைக் கண்டதும் சிமென்டைக் குழைத்து அப்பத்தான் கை போகும். அது நிற்காது. நீர்மட்டத்துக்குக் கீழே ஒவ்வொரு 10 மீட்டருக்கும் சுமார் 1 பார் அழுத்தம் கூடுகிறது. 20 மீட்டர் ஆழத்தில் மேற்பூச்சு அதைத் தாங்காது. அதனால் நீருக்கு முதலில் ஒரு வழி விடுங்கள், மற்ற இடங்களை அடைத்துவிடுங்கள், விட்ட வழியைக் கடைசியில் மூடுங்கள்.

இறங்குமுன் வாயு மீட்டரில் பாருங்கள். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறைந்தால் இறங்கவே கூடாது. மேலே ஒரு ஆள் எப்போதும் இருக்க வேண்டும். நீர் இறைக்கும் பம்புக்கு மாற்று பம்ப் ஒன்றும் தயாராக இருக்கட்டும்.

1. நீரைப் பிடித்துப் பாருங்கள். இதை அவசரமாகச் செய்யாதீர்கள். கசியும் நீரை ஒரு தெளிவான பாட்டிலில் பிடித்து, அசையாமல் வையுங்கள். அடியில் மணலோ வண்டலோ படிந்தால், சுவருக்குப் பின்னால் மண் கரைந்து வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அங்கே பொந்து விழும், மேலே தரை உள்வாங்கும். இந்த நிலையில் நீங்களாக ரெசின் (விரிசலுக்குள் ஏற்றினால் இறுகும் திரவம்) ஏற்றாதீர்கள். வடிகட்டித் துணியும் மணல்மூட்டையும் வைத்து, மண்ணைத் தடுத்து நீரை மட்டும் வெளியே விட்டுவிட்டு, உடனே பொறியாளரைக் கூப்பிடுங்கள். கட்டுக்கடங்காமல் போனால், அழுத்தத்தைச் சமன்செய்ய ஷாஃப்டுக்குள்ளேயே நீரை நிரப்ப அவர்கள் முடிவெடுக்கலாம். ஆட்களை வெளியேற்றத் தயாராக இருங்கள்.

நீர் தெளிவாக இருந்தால் மேற்கொண்டு போகலாம்.

2. குழாய் வையுங்கள். விரிசலை உளியால் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கொத்தி, நீர் அதிகம் பாயும் இடத்தில் வால்வுள்ள சிறு குழாயைச் செருகுங்கள். சுற்றிலும் சட்டென்று இறுகும் சிமென்டை வையுங்கள். அதைக் குழைத்து, கையுறை போட்ட உள்ளங்கையில் உருட்டி, லேசாகச் சூடேறும்போது அழுத்தி, இறுகும்வரை கையை எடுக்காமல் பிடிக்க வேண்டும். முன்னதாக எடுத்தால் நீர் தள்ளிவிடும். சரியாக வந்தால் முகப்பு காய்ந்து, நீர் முழுவதும் குழாய் வழியே வரும்.

3. துளையிடுங்கள். விரிசலின் பக்கத்திலிருந்து 45 டிகிரி சாய்வில் துளைத்து, சுவரின் நடுத்தடிமனில் விரிசலைச் சந்திக்க வேண்டும். 60 சென்டிமீட்டர் சுவரென்றால் விரிசலிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளித் தொடங்குங்கள். துளை 42 சென்டிமீட்டருக்கு மேல் போனதும் விரிசல் தட்டுப்படும். துளைகள் வலமும் இடமுமாக மாறி மாறி வரட்டும். கான்கிரீட்டுக்குள் கம்பி இருக்கும் இடத்தை ஸ்கேனரில் பார்த்துக்கொள்ளுங்கள். துளைத்தூசியை நீர்விட்டுக் கழுவுங்கள், இல்லையென்றால் ரெசின் போகாது. அப்புறம் துளைகளில் பேக்கர்களை (ரெசினை உள்ளே செலுத்தும் முனைகள்) வைத்து இறுக்குங்கள்.

4. ரெசின் ஏற்றுங்கள். செங்குத்து விரிசலென்றால் கீழிருந்து மேலே, குறைந்த அழுத்தத்தில் தொடங்குங்கள். அடுத்த பேக்கரில் ரெசின் தலைகாட்டினால் அங்கே நகருங்கள். பாயும் நீரை நிறுத்த நுரைக்கும் பாலியூரித்தேன் வேண்டும். நீர் நின்றபின் நுரைக்காத ரெசினால் நிரப்பினால் நீடித்து நிற்கும். நீரை உறிஞ்சி வீங்கும் வகை காய்ந்தால் சுருங்கும், எனவே நீர்மட்டம் ஏறி இறங்கும் இடத்தில் அது வேண்டாம். ரெசின் கலவையில் ஐசோசயனேட் என்ற, மூச்சைப் பாதிக்கும் வேதிப்பொருள் இருக்கிறது. பேக்கர் பிய்த்துக்கொண்டு தெறிக்கவும் செய்யும். கண்ணாடி, கையுறை, முகமூடி இல்லாமல் பம்பைத் தொடாதீர்கள்.

5. குழாயை மூடுங்கள். குழாயில் ரெசின் வந்ததும் வால்வை மூடுங்கள். இறுகியபின் பேக்கர்களை எடுத்துவிட்டு, சுருங்காத மோர்ட்டாரால் (சிமென்ட் சாந்து) துளைகளை அடைத்துவிடுங்கள். அடுத்த சில நாட்கள் பக்கத்து ஜாயின்ட்களைப் பாருங்கள். ஒரு இடம் அடைபட்டால் அழுத்தம் இன்னொரு பலவீனமான இடத்தைத் தேடும்.

ஷாஃப்டின் அடித்தளத்தில் கசிவு என்றால் மட்டும் வடிவமைப்பாளரைக் கேட்காமல் அடைக்காதீர்கள். வடிந்துகொண்டிருந்த நீர் நின்றால், கீழிருந்து தளத்தைத் தூக்கும் விசை கூடும். அதைத் தாங்கும் எடை அந்தத் தளத்துக்கு இருக்கிறதா என்பதை அவர்தான் கணக்குப்போட்டுச் சொல்ல முடியும்.