ஈரான் புரட்சி: காரணம் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். ஈரானில் ஷாவின் (மன்னர் முகமது ரெசா பஹ்லவியின்) ஆட்சி 1979-இல் ஏன் வீழ்ந்தது என்ற கேள்விக்கு வந்த விடைத்தாள்களைப் போன வாரம் திருத்தினேன். முதுகலையில் நான் எழுதியதையே திரும்பப் படிப்பது போல இருந்தது. ஈரானை அரபு நாடு என்பது, புரட்சியின் மதத்தலைவர் கொமெய்னியையும் அவருக்குப் பின் தலைவரான காமெனெயியையும் குழப்புவது போன்றவை ஒருமுறை சொன்னாலே திருந்திவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

முடிவைப் பார்த்துக் காரணம் எழுதுவது

1979 ஏப்ரலில் ஈரான் இஸ்லாமியக் குடியரசு ஆனது. அப்படியானால் எல்லோரும் தொடக்கத்திலிருந்தே அதற்காகத்தான் போராடினார்கள் என்று எழுதிவிடுகிறார்கள். நானும் ஆய்வேட்டில் கொமெய்னி, மசூதி, மேற்கத்திய நாகரிகத்தின் மேல் வெறுப்பு என்று பக்கம் பக்கமாக எழுதினேன். படித்துப் பார்த்த பேராசிரியர், "எண்ணெய்த் தொழிலாளி ஏன் வேலையை நிறுத்தினான்? இதில் அவன் எங்கே?" என்று கேட்டார். புரட்டிப் பார்த்தேன். ஒரு வரிகூட இல்லை. முதலிலிருந்து எழுத எனக்கு ஓர் ஆண்டு போயிற்று. இன்றும் இந்தத் தவறைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது.

சரி, யார் யார் இருந்தார்கள்? 1977 ஜூனில் ஷாவுக்குத் திறந்த மடல் எழுதிய சஞ்சாபி, பக்தியார், ஃபொரூஹர் மூவரும், 1953-இல் கவிழ்க்கப்பட்ட பிரதமர் மொசாதெக்கின் தேசிய முன்னணியைச் சேர்ந்தவர்கள். அரசியல் சட்டப்படி ஆட்சி நடத்தச் சொன்னார்கள். அக்டோபரில் டெஹ்ரானில் ஜெர்மன் பண்பாட்டு அமைப்பான கோதே நிறுவனத்தின் ஆதரவோடு எழுத்தாளர்கள் பத்து இரவுகள் கவிதை வாசித்தார்கள். தணிக்கைக்கு எதிராகப் பேச்சு எழுந்தது, ஆயிரக்கணக்கானோர் கேட்டார்கள். பாசார் (பழைய கடைவீதி) வணிகர்களுக்கோ வேறு கோபம். விலையைக் கட்டுப்படுத்துகிறோம் என்று 1975 முதல் அவர்களுக்கு அபராதமும் சிறையும் விதித்தார்கள். 1978 இறுதியில் அரசின் வருமானத்தை முடக்கியது எண்ணெய்த் தொழிலாளர்களின் வேலைநிறுத்தம்.

அப்புறம் மதத்தலைவர்கள் எப்படி முன்னுக்கு வந்தார்கள்? 1957-இல் வந்த சாவாக் என்ற ரகசியப் போலீஸ் எதிர்க்கட்சிகளை நசுக்கியது. 1975-இல் ஷா மற்ற கட்சிகளைக் கலைத்து ரஸ்தாகீஸ் என்ற ஒரே கட்சியை வைத்துக்கொண்டார். ஊர் ஊராக ஆள் கூடவும் சேதி போகவும் பணம் திரட்டவும் மிஞ்சிய இடங்கள் மசூதியும் பாசாரும்தான். இதை எழுதாமல் 'மதப்பற்று' என்று ஒரு சொல்லில் முடித்தால், ஷா தன் கையால் அடைத்த கதவுகள் கணக்கிலேயே வராது.

1979 மார்ச் 8 அன்று கட்டாய முக்காட்டை எதிர்த்து டெஹ்ரான் தெருக்களில் பெண்கள் திரண்டார்கள். ஷாவை எதிர்த்துச் சில மாதம் முன்பு தெருவில் நின்றவர்களும் அவர்களில் இருந்தார்கள். முடிவிலிருந்து காரணம் எழுதுகிறவர் அந்தப் பெண்களை வரலாற்றிலிருந்து அழித்துவிடுகிறார். எனக்குப் பொறுக்காதது அதுதான்.

'வறுமைதான் காரணம்'

1973-க்குப் பிறகு எண்ணெய் விலை நான்கு மடங்கானது, நாட்டில் பணம் கொட்டியது. கூடவே விலைவாசியும் டெஹ்ரான் வீட்டு வாடகையும் ஏறின. 1977-இல் பிரதமரான அமுசெகார் செலவைச் சுருக்கியதும் கட்டட வேலைகள் குறைந்தன, கிராமத்திலிருந்து வந்த இளைஞர்கள் வேலை இழந்தார்கள். ஏறி வந்தது சட்டென்று நின்ற அதிர்ச்சியை எழுதுங்கள்.

1953

மொசாதெக்கைக் கவிழ்த்த அமெரிக்க, பிரிட்டிஷ் சதியை விடாதீர்கள். அதோடு நிறுத்தவும் வேண்டாம்.

பெர்செபோலிஸ் விருந்து

ஒரு வரி போதும். ஷா பெர்செபோலிஸில் நடத்திய அந்த ஆடம்பர விருந்து 1971-இல். தெரு நிரம்பியது 1978-இல்.

காரணத்தையும் பரவிய விதத்தையும் கலப்பது

1978 ஜனவரியில் கொமெய்னியை இழிவுபடுத்தி ஒரு நாளிதழில் கட்டுரை வந்தது. 9-ஆம் தேதி கோம் நகரில் எதிர்த்தவர்களைச் சுட்டார்கள். இறந்தவர்களுக்கான நாற்பதாம் நாள் துக்கம் பிப்ரவரி 18 அன்று தப்ரிஸில் கலவரமானது. அங்கே இறந்தவர்களுக்கு நாற்பதாம் நாள் மார்ச் கடைசியில் யஸ்த் நகரில். தீ பரவிய வழி இது. விறகு எது என்பதைத் தனிப் பத்தியில் எழுதுங்கள்.