வெளிநோயாளர் மெடிக்கல் கோடிங்: ஒரு வைத்தியக் குறிப்பைக் குறியீடாக்கும் முறை

யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்குக் காலையில் போய், வரிசையில் நின்று வைத்தியரைப் பார்த்துத் திரும்பும் ஒருவரின் கையில் ஒரு துண்டும் சில மருந்து உறைகளும் இருக்கும். பணம் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அதே சந்திப்பு அமெரிக்காவில் நடந்திருந்தால், வைத்தியர் எழுதிய குறிப்பு எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடுகளாக மாற்றப்பட்டுக் காப்புறுதி நிறுவனத்துக்குப் போயிருக்கும். அவற்றைப் பார்த்த பின்னரே வைத்தியருக்குக் கொடுப்பனவு வந்திருக்கும். அந்த மாற்றத்தைச் செய்பவரே மெடிக்கல் கோடர். நமது அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம் என்பதால் பணத்துக்கான குறியீட்டு வேலை இங்கு இல்லை. ஆகவே யாழ்ப்பாணத்தில் இருந்து இந்தத் தொழிலைச் செய்ய விரும்புபவர், கடல்கடந்த ஒரு நாட்டின் விதிகளை அதன் ஏடுகளில் இருந்தே கற்க வேண்டியிருக்கிறது.

உயர்தரத்தில் உயிரியல் படித்துவிட்டு, மருத்துவபீடம் கிடைக்காமல் அடுத்தது என்ன என்று தேடும் பிள்ளைகள் பலர் என்னிடம் இதைப் பற்றிக் கேட்கிறார்கள். அவர்களுக்காகவே இதனை எழுதுகிறேன். இங்கே குறியீடுகளின் எழுத்துக்களையும் தமிழில் தருகிறேன். ஏட்டில் அவை ஆங்கில எழுத்துக்களாக இருக்கும்.

முதலாம் படி: மூன்று ஏடுகளைப் பிரித்தறிதல்

நோய்க்கு ஓர் ஏடு, செய்த வேலைக்கு ஓர் ஏடு, கொடுத்த பொருளுக்கு ஓர் ஏடு என்று மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். நோயாளி ஏன் வந்தார் என்பதைச் சொல்வது ஐ.சி.டி.-10-சி.எம்.; அமெரிக்காவில் இது 2015 ஒக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ளது, இதில் 70,000க்கும் மேற்பட்ட குறியீடுகள் உள்ளன. வைத்தியர் என்ன செய்தார் என்பதைச் சொல்வது சி.பி.ரி.; அமெரிக்க மருத்துவச் சங்கம் 1966இல் முதன்முதலில் வெளியிட்ட இந்தத் தொகுதியில் பெரும்பாலானவை ஐந்து இலக்க எண்கள். ஊசி மருந்து, உபகரணம் போன்றவற்றுக்கு எச்.சி.பி.சி.எஸ். இரண்டாம் நிலை, ஓர் எழுத்தும் நான்கு இலக்கங்களும் கொண்டது. ஐ.சி.டி.-10-பி.சி.எஸ். என்று இன்னோர் ஏடு உண்டு. அது விடுதியில் அனுமதிக்கப்பட்டவர்களுக்கான சிகிச்சை முறைகளுக்கு உரியது. வெளிநோயாளர் கோடர் அதைத் திறக்க வேண்டியதில்லை.

இரண்டாம் படி: உடலின் சொற்களைக் கற்றல்

தமிழ்மொழி மூலம் படித்தவர்கள் இந்த இடத்தில் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் தேவையற்றது என்பது எனது உறுதியான எண்ணம். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் நமது இளைஞர்களுக்கு மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். உடலின் அமைப்பையும் தொழிற்பாட்டையும் நீங்கள் தமிழில் விளங்கி வைத்திருந்தால் பாரமான பகுதி முடிந்துவிட்டது. மீதி, அந்த விளக்கத்தின் மேல் ஆங்கிலச் சொல்லை ஒட்டுவது. முன்னொட்டு, வேர், பின்னொட்டு என்று சொல்லைப் பிரித்து நாளுக்குப் பத்துச் சொற்கள் எழுதிப் பழகினால், சில மாதங்களில் குறிப்புகளை அகராதி இன்றி வாசிக்கலாம்.

மூன்றாம் படி: உறுதியானதை மட்டும் எழுதுதல்

வெளிநோயாளர் கோடிங்கின் உயிர்நாடி இதுவே என்பதால் சற்று நிதானமாகச் சொல்கிறேன்.

ஒருவர் காய்ச்சலோடும் இருமலோடும் வருகிறார். வைத்தியர் நெஞ்சைச் சோதித்துவிட்டு, நியூமோனியாவாக இருக்கலாம் என்று எழுதி, எக்ஸ்ரேக்கு அனுப்புகிறார். புதிதாகப் பழகுபவரின் கண் நியூமோனியா என்ற சொல்லில் போய் நிற்கும், கை ஜே18.9 என்று எழுதிவிடும். அது தவறு. சஸ்பெக்டட், ப்ரொபபிள், லைக்லி, ரூல் அவுட் போன்ற நிச்சயமின்மையைக் காட்டும் சொற்கள் ஒரு நோயின் பெயரோடு வந்தால், வெளிநோயாளர் குறிப்பில் அந்த நோயைக் குறியீடாக்கக் கூடாது. அன்று உறுதியாகத் தெரிந்த குணங்குறியையே குறியீடாக்க வேண்டும். ஆகவே இருமலுக்கு ஆர்05.9, காய்ச்சலுக்கு ஆர்50.9. விடுதியில் தங்கிச் சிகிச்சை பெற்று வெளியேறுபவருக்கான வைத்தியசாலைக் கணக்கில் விதி வேறு. அங்கே வெளியேறும் வேளையில் சந்தேகமாக எழுதப்பட்ட நோயையும் இருப்பதாகவே கொண்டு குறியீடாக்கலாம். இரண்டையும் ஒரே நேரத்தில் படிப்பவர்கள் குழம்புவது இதில்தான். எக்ஸ்ரேயைப் பார்த்த வைத்தியரின் இறுதி அறிக்கை, நீங்கள் குறியீடு எழுதும் வேளையில் கையில் இருந்து, அதில் நியூமோனியா என்று உறுதியாக எழுதப்பட்டிருந்தால், அந்த எக்ஸ்ரேக்கான குறியீட்டில் நியூமோனியாவையே காட்டலாம்.

நான் பழகத் தொடங்கிய காலத்தில் இதே தவறைச் செய்தேன். நெஞ்சுவலியோடு வந்த ஒருவரின் குறிப்பில் மாரடைப்பா என்று பார்க்கவும் என்று இருந்ததை, மாரடைப்பு என்றே குறியீடாக்கி அனுப்பிவிட்டேன். தரச்சோதனையில் அது பிடிபட்டுத் திரும்பி வந்தது, நெஞ்சுவலிக்கு ஆர்07.9 என்று திருத்தினேன். அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. அது பிடிபடாமல் போயிருந்தால், முகம் தெரியாத ஒரு மனிதர் தனக்கு வராத மாரடைப்பைத் தனது காப்புறுதிப் பதிவில் சுமந்திருப்பார். குறியீடு பணத்துக்காக எழுதப்பட்டாலும் அது ஒருவருடைய உடலைப் பற்றிய சாட்சியம் என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

நோய் உறுதியானால் இதன் மறுபக்கம் வரும். முழங்கால் மூட்டுத் தேய்வு என்று வைத்தியர் எழுதிய பின்னர், அதோடு இயல்பாக வரும் முழங்கால் வலியைத் தனியாகக் குறியீடாக்கக் கூடாது.

நான்காம் படி: சுட்டியில் தேடி, அட்டவணையில் உறுதிப்படுத்தல்

ஐ.சி.டி. ஏட்டின் அகரவரிசைச் சுட்டியில் கண்ட எண்ணை அப்படியே எழுதாதீர்கள். அட்டவணைப் பகுதிக்குப் போய், அதன் கீழுள்ள குறிப்புகளையும், சேர்த்து எழுதக்கூடாதவை எவை என்பதையும், இன்னும் எழுத்து வேண்டுமா என்பதையும் பாருங்கள். ஒரு குறியீடு மூன்று முதல் ஏழு எழுத்துக்கள் வரை நீளலாம். வலது கணுக்கால் சுளுக்குக்கு எஸ்93.401ஏ என்று வரும்போது கடைசியிலுள்ள ஏ, முதல்முறை வந்தவர் என்று பொருள்படாது. காயத்துக்குரிய நேரடிச் சிகிச்சை இன்னும் நடக்கிறது என்று பொருள்படும். குணமாகி வரும் கட்டத்தில் அது டி ஆகும்.

ஐந்தாம் படி: சந்திப்பின் நிலையைத் தீர்மானித்தல்

அதே வைத்தியரையோ, அதே குழுவில் அதே துறையைச் சேர்ந்த இன்னொரு வைத்தியரையோ கடந்த மூன்று ஆண்டுகளுக்குள் நேரில் பார்த்தவர் பழைய நோயாளி, பார்க்காதவர் புதியவர். சி.பி.ரி.யில் புதியவருக்கு 99202 முதல் 99205 வரை, பழையவருக்கு 99211 முதல் 99215 வரை. 2021 முதல், இவற்றில் எந்த எண் என்ற நிலையை மருத்துவத் தீர்மானத்தின் கடினத்தைக் கொண்டோ, வைத்தியர் அன்று செலவிட்ட மொத்த நேரத்தைக் கொண்டோ தெரிவு செய்கிறார்கள். 99211 மட்டும் இதற்கு விலக்கு. தீர்மானத்தின் கடினத்துக்கு மூன்று அளவுகோல்கள்: பிரச்சினைகள், பார்த்த தரவுகள், சிகிச்சையின் ஆபத்து. மூன்றில் இரண்டு பொருந்தினால் போதும்.

ஆறாம் படி: ஒரு குறிப்பை முழுதாகச் செய்து பார்த்தல்

பழகுவதற்காக நான் உருவாக்கிய குறிப்பு இது. பழைய நோயாளி ஒருவர் வலது முழங்கால் வலியோடு வருகிறார். முதன்மை மூட்டுத் தேய்வு என்று வைத்தியர் உறுதி செய்து, அல்ட்ராசவுண்ட் உதவியின்றி அந்த மூட்டுக்குள் 40 மில்லிகிராம் டிரையம்சினோலோன் ஊசி போடுகிறார். அதே நேரத்தில் இரண்டாம் வகை நீரிழிவையும் பார்க்கிறார். குருதியில் சீனி உயர்ந்த நிலை என்று எழுதி, மெற்போமின் குளிசையின் அளவைக் கூட்டுகிறார். உயர் குருதி அமுக்கத்துக்குப் பழைய மருந்தையே தொடரச் சொல்கிறார்.

வருகைக்கு முதற்காரணம் முழங்கால் என்பதால் எம்17.11 முதலில் வரும். அடுத்து சீனி உயர்ந்த நீரிழிவுக்கு ஈ11.65, பிறகு உயர் குருதி அமுக்கத்துக்கு ஐ10, வாயால் எடுக்கும் நீரிழிவு மருந்தின் நீண்டகாலப் பாவனைக்கு இசட்79.84. ஊசி போட்ட வேலைக்கு 20610, வலது பக்கம் என்பதற்கு ஆர்.ரி. என்ற மொடிபையர், அதாவது குறியீட்டோடு சேர்க்கும் துணைக்குறி. மருந்துக்கு ஜே3301, இதன் ஓர் அலகு 10 மில்லிகிராம் என்பதால் நான்கு அலகுகள். இங்கே ஒன்று என்று எழுதிவிட்டால் மருந்தின் முக்கால் பங்குப் பணம் வராமல் போகும். சந்திப்புக்கு 99214: கட்டுப்பாட்டில் இல்லாத நாட்பட்ட நோயும், மருந்துச் சீட்டில் எழுதும் மருந்தின் அளவை மாற்றிய முடிவும் சேர்ந்து நடுத்தரக் கடினத்தைத் தருகின்றன. அந்த எண்ணோடு 25 என்ற மொடிபையரைச் சேர்க்க வேண்டும். ஊசிக்கு முன்னான வழமையான சோதனை ஊசியின் குறியீட்டுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. நீரிழிவைப் பார்த்தது அதற்கு அப்பாற்பட்ட தனி வேலை என்பதை 25 சொல்கிறது. அந்த நோயாளி முழங்கால் ஊசிக்காக மட்டும் வந்திருந்தால் 99214உம் இல்லை, 25உம் இல்லை. பணம் கூடுதலாகக் கிடைக்கும் என்பதற்காக 25ஐ ஒட்டுவது மோசடி. யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

இறுதியாக ஒவ்வொரு வேலையையும் அதற்குரிய நோயோடு இணைக்க வேண்டும். 20610, ஜே3301 இரண்டும் எம்17.11ஐச் சுட்டும், 99214 நீரிழிவையும் குருதி அமுக்கத்தையும் சுட்டும்.

வைத்தியர் நீரிழிவு கட்டுப்பாட்டில் இல்லை என்று மட்டும் எழுதியிருந்தால் என்ன செய்வது? சீனி கூடியதா குறைந்ததா என்பதை நீங்கள் ஊகிக்கக் கூடாது. ஆய்வுகூட எண்ணைப் பார்த்து நீங்களே நோயின் பெயரைத் தீர்மானிக்கவும் கூடாது. குவெரி எனப்படும் விளக்கம் கோரும் கேள்வியை எழுதி வைத்தியரிடம் கேளுங்கள். இந்த விடையைத் தாருங்கள் என்று வழிகாட்டாத கேள்வியாக அது இருக்க வேண்டும்.

ஏழாம் படி: இரகசியம் காத்தல்

அமெரிக்காவில் 1996இல் இயற்றப்பட்ட ஹிப்பா சட்டம் நோயாளியின் தகவலைப் பாதுகாக்கிறது. வீட்டில் இருந்து வேலை செய்பவர் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். திரையைப் படம் எடுக்கக் கூடாது. அமெரிக்காவில்தானே, யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைக்க வேண்டாம். நமது ஊரவர்களின் உறவுகள் அங்கும் இருக்கிறார்கள்.

எட்டாம் படி: பரீட்சை

ஏ.ஏ.பி.சி. என்ற அமெரிக்கக் கோடர் அமைப்பு நடத்தும் சி.பி.சி. என்ற சான்றிதழ்ப் பரீட்சையில் 100 பல்தேர்வு வினாக்கள், நான்கு மணித்தியாலம், சித்திக்கு 70 சதவீதம். குறியீட்டு ஏடுகளைப் பார்த்தே எழுதலாம். ஆனால் ஏட்டில் எது எங்கே இருக்கிறது என்று கை அறிந்திராவிட்டால் நேரம் போதாது. அனுபவம் இல்லாமல் சித்தி அடைபவருக்குப் பயிலுநர் என்ற அடையாளத்தோடு சான்றிதழ் கிடைக்கும். அனுபவம் சேர்ந்ததும் அது நீங்கும். வைத்தியசாலை வெளிநோயாளர் கோடிங்குக்கென சி.ஓ.சி. என்று தனிப் பரீட்சையும் உண்டு. முதலில் சி.பி.சி. எழுதுவதே நல்லது என்பேன்; வேலை விளம்பரங்களில் அதையே அதிகம் கேட்கிறார்கள்.

ஏடு வாங்கும்போது ஆண்டைப் பாருங்கள். ஐ.சி.டி.-10-சி.எம்.மின் முதன்மைப் புதுப்பிப்பு ஒவ்வோர் ஒக்டோபர் 1இலும், சி.பி.ரி.யின் புதுப்பிப்பு ஒவ்வொரு ஜனவரி 1இலும் நடைமுறைக்கு வரும். செப்ரெம்பர் 30இல் நடந்த சந்திப்பை நீங்கள் ஒக்டோபரில் உட்கார்ந்து குறியீடாக்கினாலும், பழைய ஏட்டையே திறக்க வேண்டும். நோயாளி வைத்தியரைப் பார்த்த திகதியே கணக்கு.